ஐகோர்ட்டு வாசலில் ஒரு ஊர்ப்பெயர்

நேயர்களுக்கு வணக்கம். பாரிமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே செக்கச்செவேலென்று ஐகோர்ட்டு நிற்கும். 1892-ல் திறந்த கட்டடம். இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கட்டடக்கலைகள் கலந்த இந்தோ-சாரசெனிக் பாணி என்பார்கள். குமிழ் குமிழான கும்மட்டங்களைப் பார்த்துவிட்டு நாம் நடையைக் கட்டிவிடுகிறோம். அடுத்த முறை போகும்போது இருப்பதிலேயே உயரமான கோபுரத்தின் உச்சியை அண்ணாந்து பாருங்கள். அங்கே விளக்குக் கூண்டு தெரியும். 1894 முதல் 1977 வரை, மெரினாவில் புதுக் கலங்கரை விளக்கம் வரும்வரை, கப்பல்களுக்குக் கரை காட்டியது அந்த விளக்குதான். அதற்கு முந்தைய 1844-ஆம் ஆண்டு விளக்குத் தூணும் அதே வளாகத்தில் இன்னும் இருக்கிறது. உருண்டு திரண்ட கருங்கல் தூண். மேலிருந்து கீழ்வரை வரிவரியாகச் செதுக்கியிருப்பார்கள்.

சரி, இந்தத் தூணும் கோபுரமும் வருவதற்கு முன்னால் அந்த மண்ணில் என்ன இருந்தது? சென்னகேசவப் பெருமாள் கோயிலும் சென்ன மல்லீசுவரர் கோயிலும்.

1639 ஆகஸ்ட் 22-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் பிரான்சிஸ் டேக்கு இந்தக் கடற்கரைத் துண்டைக் கொடுத்தவர் அப்போது இந்தப் பகுதியை ஆண்ட தாமர்ல வெங்கடப்ப நாயக்கர். அவருடைய தகப்பனார் சென்னப்ப நாயக்கர். சென்னப்பட்டணம் என்ற பெயர் அவரால் வந்தது என்பது ஒரு கட்சி. சென்னகேசவரால் வந்தது என்பது இன்னொரு கட்சி. எனக்கு முதல் கட்சிதான் சரியாகப் படுகிறது. பட்டணம் எழும்பிய காலமும் நிலம் கொடுத்த குடும்பமும் அதில் பொருந்தி வருகின்றன. ஆனாலும் கோயில் கட்சியை என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஊர் ஜனங்கள் வாயில் ஒரு பெயர் நிலைக்க, தினமும் கும்பிடும் சாமியைவிட வேறென்ன வேண்டும்? மதராஸ் என்ற பெயர் கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து வந்தது, அது தனிக்கதை. 1996-ல் ஊர் சென்னை ஆனபிறகும் ஐகோர்ட்டு மட்டும் மெட்ராஸ் ஐகோர்ட்டாகவே இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை மூண்ட காலத்தில், செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குப் பக்கத்தில் கட்டடம் எதுவும் நிற்கக் கூடாது என்று ஆங்கிலேயர் அந்தக் கோயில்களை இடித்துவிட்டார்கள். அப்புறம் கம்பெனி துரைக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று இரண்டு சன்னதிகளையும் பூக்கடைப் பக்கம் மறுபடி எழுப்பினார். ஐகோர்ட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். மல்லிகையும் சாமந்தியும் மணக்கும் தேவராஜ முதலி தெருவில் பெருமாளும் ஈசுவரனும் இன்றைக்கும் பக்கத்துப் பக்கத்துக் கோயில்களில் இருக்கிறார்கள். பழைய ஆட்கள் அதைப் பட்டணம் கோயில் என்றுதான் சொல்வார்கள்.