கருந்துளை எங்கிருந்து தொடங்குகிறது?

நேயர்களுக்கு வணக்கம். விண்மீன் நொறுங்கி, அதன் பொருளெல்லாம் போதுமான அளவு அமுங்கிய பிறகுதான் நிகழ்வெல்லை, அதாவது உள்ளே போனால் ஒளிகூடத் திரும்ப முடியாத கருந்துளையின் எல்லை, உண்டாகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படியில்லை. நிகழ்வெல்லை நட்டநடுவில், அங்கே வெறும் வெற்றிடம் இருந்தாலும்கூட, ஒரு புள்ளியாகத் தொடங்குகிறது. விழுவது அங்கே வந்துசேருவதற்கு முன்பேகூடத் தொடங்கிவிடலாம். நான் சொல்ல வந்ததே இதுதான்.

ஒரு கற்பனைச் சோதனை செய்வோம். எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவே இருக்கும் கருந்துளையின் நிறை சூரியனைப் போல் ஏறக்குறைய 650 கோடி மடங்கு. அவ்வளவு நிறைக்கு ஈடான ஆற்றலை மெல்லிய கோளக் கூடாக்கி, எல்லாப் பக்கமிருந்தும் உள்நோக்கி அனுப்புகிறோம். கூடு முழுக்க ஒளிதான், ஒரு துளி பொருள்கூட இல்லை. நடுவில் ஒருவர் கைவிளக்கோடு மிதக்கிறார். கோளக் கூட்டின் உள்ளே ஈர்ப்பு கிடையாது. அதனால் அவருக்கு எந்த இழுப்பும் தெரியாது. கூடு ஒளி வேகத்தில் வருவதால் அது வரும் சேதியும் அவரை முந்தி எட்டாது.

இந்த நிறைக்கு நிகழ்வெல்லையின் ஆரம் சுமார் 1,900 கோடி கிலோமீட்டர். ஒளி அதைக் கடக்க ஏறக்குறைய 18 மணி நேரம். திங்கட்கிழமை நண்பகலில் கூடு இதைப்போல் இரு மடங்கு தொலைவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மவர் மணிக்கொரு முறை விளக்கை மின்னவிடுகிறார். 11 மணி ஒளி, கூடு 1,900 கோடியைத் தொடுமுன்பே அதை எதிர்கொண்டு வெளியே தப்பிவிடும். 12 மணி ஒளி சரியாக 1,900 கோடியில், செவ்வாய் காலை 6 மணிக்குக் கூட்டைச் சந்திக்கும். அதற்கு மேல் ஓர் அடிகூட நகராது. 1 மணி ஒளி கூட்டைத் தாண்டினாலும் உள்ளேயே இழுபட்டுவிடும்.

அந்த 12 மணி ஒளியின் விளிம்புதான் நிகழ்வெல்லை. திங்கள் நண்பகலில் புள்ளியாகத் தொடங்கி 18 மணி நேரம் வளர்ந்திருக்கிறது. ஒரு மணிக்கு நம்மவர் கருந்துளைக்குள் இருக்கிறார். கூடு அவரைத் தொடுவது செவ்வாய் இரவு 12 மணிக்கு. அதுவரை அவரிடமுள்ள எந்தக் கருவியும் எதையும் காட்டாது. திரும்பவும் சொல்கிறேன், எதையும் காட்டாது. நிகழ்வெல்லை எங்கே என்பதை இனி என்ன விழப்போகிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. இருக்கும் இடத்தில் மட்டும் அளந்து அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

ஒளி வீசும் விண்மீனைச் சுற்றியுள்ள ஈர்ப்புக்கு 1943இல் கணக்குப் போட்டவர் இந்தியாவின் பி.சி. வைத்யா. அதைத் திருப்பிப் போட்டால், நம் கூட்டைப் போல் உள்ளே விழும் ஒளிக்கும் அதே கணக்கு பொருந்தும்.

நேரம் நெருங்குகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நொறுங்கும் விண்மீன் எல்லையருகே உறைந்து நிற்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. சூரிய நிறை உள்ள ஒன்றானால், கடைசிக் கட்டத்தில் அதன் ஒளி வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் மங்கி அணைந்துவிடும். நன்றி, வணக்கம்.