கட்டி தெரிந்த நாளும் அதைக் காட்டிய நாளும்

(திருகோணமலை உப்புவெளியில் பெண்கள் கூட்டமொன்றில் பேசியது. அன்று வர முடியாமல் போனவர்கள் கேட்டதால் எழுதித் தருகிறேன்.)

அம்மாமார், அக்காமார், தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். பின்னால் வாசலோடு நிற்கிற ஐயாமாரும் தம்பிமாரும் போய்விடாதீர்கள், உங்களுக்கும் சொல்ல இருக்கிறது.

நான் சத்திரசிகிச்சை விடுதியில் தாதியாக வேலை செய்தவள். மார்பில் கட்டியோடு ஒரு பெண் வந்தால் நாங்கள் முதலில் கேட்பது, "எப்ப கண்டீங்கள்?" என்றுதான். யாரும் திகதி சொல்லமாட்டார்கள். தைப்பொங்கலுக்கு முதல் என்பார் ஒருவர், மகளுடைய சாமத்தியச் சடங்குக்குக் கொஞ்சம் முன்னால் என்பார் இன்னொருவர், போன நோன்புக்கு முந்தியே இருந்தது என்பார் கிண்ணியாவில் இருந்து வந்த ஒரு உம்மா. நாங்கள் அதை மாதமாக மாற்றிக் கொப்பியில் எழுதுவோம். ஐந்து மாதம், எட்டு மாதம், சிலருக்கு ஒன்றரை வருடம். அந்தக் காலம் முழுக்க அந்தப் பெண் சமைத்திருக்கிறாள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பியிருக்கிறாள், கோயில் திருவிழாவுக்குப் போயிருக்கிறாள், இரவில் எல்லோரும் படுத்தபிறகு தனியாகக் கையை வைத்துப் பார்த்திருக்கிறாள். அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

இன்றைக்கு நான் பேச வந்தது அந்த மாதங்களைப் பற்றித்தான். புற்றுநோய் ஏன் வருகிறது என்பதில் எங்கள் கையில் இல்லாதது நிறைய உண்டு. வயது கூடுவது, பரம்பரை, சின்ன வயதில் பெரிய பிள்ளையாவது, மாதவிடாய் பிந்தி நிற்பது, இதையெல்லாம் நாம் மாற்ற முடியாது. உடம்பு நிறையைக் கட்டுக்குள் வைப்பதும், மதுவைத் தொடாமல் இருப்பதும், நடந்து திரிவதும் உதவும், செய்யுங்கள். ஆனால் கட்டி தெரிந்த நாளுக்கும் அதை ஒரு டொக்டரிடம் காட்டிய நாளுக்கும் இடையில் இருக்கிற காலம் பெரும்பாலும் எங்கள் கையில்தான் இருக்கிறது.

இதை ஏதோ மேடைக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 1999இல் லான்செட் என்ற மருத்துவ சஞ்சிகையில் ஒரு ஆய்வு வந்தது. 87 ஆய்வுகளை, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விபரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். அறிகுறி தெரிந்து மூன்று மாதமோ அதற்கு மேலோ தாமதித்தவர்களில், ஐந்து வருடம் கடந்து உயிரோடு இருந்தவர்களின் விகிதம், முந்தி வந்தவர்களோடு பார்க்க 12 சதவீதம் குறைவு. நூறு பேரில் பன்னிரண்டு பேர் என்று வைத்து யோசித்துப் பாருங்கள், இந்த மண்டபத்தில் ஒரு வரிசைக் கதிரை வரும்.

உலகத்தில் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 23 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது, 6 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள். இலங்கையில் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பதும் இதுதான்.

சரி, அப்ப ஏன் ஒளிக்கிறோம்? பெண்களுக்கு விளங்காது, படிப்பறிவு இல்லை என்று சிலர் சொல்வதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. படித்த ஆசிரியைமாரும் ஒளித்திருக்கிறார்கள். காரணம் வேறு. மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கும்போது தாய்க்குப் புற்றுநோய் என்று வெளியில் போனால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள் என்ற பயம். ஆஸ்பத்திரியில் ஆண் டொக்டர் பார்ப்பாரே என்ற கூச்சம். சம்பூர், மூதூர்ப் பக்கம் புருஷன் இல்லாமல் தனியாகக் குடும்பத்தைக் கொண்டுபோகிற பெண்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அடுத்த நாள் அடுப்பு எரியாது. வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போனவர்கள், மருத்துவத்தில் ஏதாவது தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஒப்பந்தம் முடியும்வரை வாயைத் திறக்காமல் இருந்து, ஊருக்கு வந்தபிறகு சொன்னதையும் கண்டிருக்கிறேன். இதில் ஒன்றுகூட முட்டாள்தனம் கிடையாது. எல்லாம் வீட்டுக்காக யோசித்து எடுத்த முடிவுகள். ஆனால் அந்த வீட்டுக்கு அவள் வேண்டும். அதை யாராவது அவளுக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொரு பெரிய காரணம், நோவு இல்லாதது. "நோகவே இல்லை மிஸ், அதான் பேசாமல் விட்டிட்டன்" என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் நோகாது. மாதவிடாய்க்கு முந்தின நாட்களில் இரண்டு பக்கமும் கனத்து நோவது ஹோர்மோனால் வருவது, அது அனேகமாகப் பயப்படக் கூடியதல்ல. நோகாத, கெட்டியான, ஓரம் சீரில்லாத கட்டி என்றால் உடனே காட்ட வேண்டும்.

ஆறுதலான ஒன்றையும் இதோடு சேர்த்துச் சொல்கிறேன். மார்பில் வருகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. இளம் பிள்ளைகளுக்கு விரலுக்குள் வழுக்கி ஓடுகிற உருண்டைக் கட்டி வரும், நடுவயதில் நீர்க்கட்டி வரும், பால் கொடுக்கிற தாய்க்குப் பால் கட்டும். ஆனால் அதைத் தீர்மானிப்பது நீங்களோ நானோ பக்கத்து வீட்டு மாமியோ இல்லை. பால் கட்டு என்று நினைத்து எண்ணெய் பூசி ஒத்தடம் கொடுத்துக்கொண்டே மாதக்கணக்கில் இருந்த இளம் தாய்மாரை எனக்குத் தெரியும். பால் கட்டு என்றால் பிள்ளைக்கு ஒழுங்காகப் பால் கொடுக்கும்போது சில நாட்களில் கரைய வேண்டும். இரண்டு வாரமாகியும் அப்படியே இருந்தால், மார்பு சிவந்து வீங்கி மருந்துக்கும் குறையாவிட்டால், காட்டியே ஆக வேண்டும்.

கட்டி மட்டும்தான் அறிகுறி என்றும் இருந்துவிடாதீர்கள். ஒரு இடத்தில் தோல் உள்ளே இழுபட்டுக் குழி விழுவது, தோல் தடித்துத் தோடம்பழத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாகத் தெரிவது, நன்றாக இருந்த முலைக்காம்பு புதிதாக உள்ளே திரும்புவது, காம்பில் இருந்து தானாக இரத்தம் கலந்த நீர் வருவது, காம்பைச் சுற்றி ஆறாத சொறி, கமக்கட்டில் கட்டி, ஒரு பக்கம் மட்டும் அளவு மாறுவது. இதில் எது வந்தாலும் போங்கள். பிறந்ததில் இருந்தே காம்பு உள்ளே இருக்கிறவர்களும் உண்டு, ஒரு பக்கம் சற்றுப் பெரிதாக இருக்கிறவர்களும் உண்டு, அது பயப்பட வேண்டியதல்ல. புதிதாக வந்த மாற்றம்தான் முக்கியம்.

புதிதா பழையதா என்று தெரிய வேண்டுமென்றால் உங்கள் உடம்பு வழமையாக எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் ஒரு சிக்கல். துண்டுப்பிரசுரங்களில் கண்ணாடிக்கு முன்னால் நின்று பாருங்கள் என்று படம் போடுகிறார்கள். எங்கள் பெண்களில் எத்தனை பேர் கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு குளித்து, அதற்கு மேலேயே உடுப்பை மாற்றிக்கொண்டு வருகிறவர்கள்! நாலு பேர் இருக்கிற வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நிற்க எங்கே இடம்? அதனால் நான் சொல்வது இது. குளிக்கும்போது சவர்க்காரம் போட்ட கை குறுக்குக்கட்டுக்குள் போகும்தானே, அப்போது நடு மூன்று விரல்களின் உட்பக்கத்தால் சின்ன வட்டமாக அழுத்தி, கமக்கட்டில் இருந்து நெஞ்சு எலும்பு வரைக்கும், காறை எலும்பில் இருந்து மார்புக்குக் கீழ்வரைக்கும் தடவிப் பாருங்கள். முதலில் மெதுவாக, அப்புறம் கொஞ்சம் ஊன்றி. கமக்கட்டுப் பக்கமாக மேலே இருக்கிற பகுதியில்தான் கட்டிகள் கூடுதலாக வரும், அங்கே அவசரப்படாதீர்கள். இரவில் படுக்கும்போது ஒரு கையைத் தலைக்குக் கீழே வைத்து மற்றக் கையால் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். மாதவிடாய் முடிந்து சில நாட்களுக்குள் பார்ப்பது நல்லது, அப்போது மார்பு இளக்கமாக இருக்கும். மாதவிடாய் நின்றவர்கள் மாதத்தில் ஏதாவது ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள், பூரணை லீவு என்றால் மறக்காது. கண்ணாடி பார்க்க வசதி இருந்தால், கையைத் தொங்கவிட்டு ஒரு தரம், மேலே தூக்கி ஒரு தரம், இடுப்பில் ஊன்றி ஒரு தரம் பாருங்கள்.

ஆனால் இதை மட்டும் செய்தால் போதும் என்று நான் சொல்லமாட்டேன், சொன்னால் அது உண்மையாக இருக்காது. சீனாவில் ஷாங்காய் நகரத்தில் துணி ஆலைகளில் வேலை செய்த இரண்டு லட்சத்து 66 ஆயிரம் பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குச் சுயபரிசோதனையை நன்றாகப் பழக்கினார்கள், மற்றவர்களுக்குப் பழக்கவில்லை. 2002இல் வந்த முடிவின்படி இரண்டு பக்கமும் இறப்பு ஒரே அளவில்தான் இருந்தது. அதனால்தான் இப்போது நிபுணர்கள், மணிக்கூட்டு முள் திசையில் சுற்று, இத்தனை தரம் சுற்று என்று பாடமாக்குவதை விட, உன் உடம்பைத் தெரிந்து வைத்திரு, மாற்றம் கண்டால் காட்டு என்கிறார்கள்.

அப்புறம் மும்பையில் நடந்ததைக் கேளுங்கள், இது எங்களுக்குக் கிட்டின விஷயம். 1998இல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களை இருபது வருடம் பின்தொடர்ந்த ஆய்வு. அதில் மார்பைப் பரிசோதித்தது பெரிய டொக்டர்மார் இல்லை. பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண சுகாதாரப் பெண் ஊழியர்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்தார்கள். மெமோகிராம், அதாவது மார்பை எடுக்கிற எக்ஸ்ரே, கிடையாது. 2021இல் வந்த முடிவில், பரிசோதித்த பெண்களுக்கு நோய் ஆரம்பக் கட்டத்திலேயே பிடிபட்டிருந்தது, ஐம்பதும் அதற்கு மேலும் வயதான பெண்களில் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. பழகின கை ஒன்று தொட்டுப் பார்ப்பதற்கு இவ்வளவு பெறுமதி.

அந்தக் கை எங்கள் ஊரில் இல்லையா? இருக்கிறது! 1996இல் இருந்து இலங்கையில் வெல் வுமன் கிளினிக், அதாவது நோய் இல்லாத பெண்களையும் முன்கூட்டிப் பரிசோதிக்கிற கிளினிக், நடக்கிறது. உங்கள் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோரில் கேளுங்கள், உங்கள் வீட்டுக்கு வந்து பிள்ளையின் நிறை பார்த்த அதே மிட்வைஃபிடம் எந்த நாள் என்று கேளுங்கள். அங்கே மார்பைப் பரிசோதிப்பார்கள், கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் பரிசோதனை உண்டு, பிரஷர் பார்ப்பார்கள், சீனி பார்ப்பார்கள், ஒரு சதம் கொடுக்கத் தேவையில்லை. ஆண் டொக்டர் என்றால் சங்கடம் என்பவர்கள் அதை மிட்வைஃபிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், பெண் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. பிள்ளைப்பேறு முடிந்தபிறகு எங்கள் பெண்கள் கிளினிக் பக்கமே போவதில்லை என்பதுதான் எனக்கு இருக்கிற பெரிய கவலை. நோய் கூடுதலாக வருகிற வயது அதற்குப் பிறகுதான். நாற்பதைத் தாண்டினவர்கள் வருடத்துக்கு ஒருமுறை போங்கள். எல்லாப் பெண்களையும் கூப்பிட்டு மெமோகிராம் எடுக்கிற திட்டம் இங்கே இல்லை. அதனால் யாராவது கூப்பிடட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அங்கே சந்தேகம் என்றால் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். மூன்று காரியம் நடக்கும்: டொக்டர் தொட்டுப் பார்ப்பார், வயதைப் பொறுத்து ஸ்கேன் அல்லது மெமோகிராம், பிறகு ஊசியால் துளி எடுத்துப் பரிசோதனை. ஊசி குத்தினால் நோய் பரவும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அந்த நிலைக்கு வந்தபிறகு எழும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். அது பொய். ஊசிப் பரிசோதனையால் நோய் பரவுவதில்லை. அது இல்லாமல் எந்த மருந்து என்று முடிவெடுக்கவே முடியாது.

மார்பை எடுத்துவிடுவார்கள் என்ற பயமும் எனக்குத் தெரியும். பழைய காலத்தில் எல்லோருக்கும் முழுதாகவே எடுத்தார்கள். அமெரிக்காவில் பேர்னார்ட் ஃபிஷர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1976இல் தொடங்கிய ஆய்வில், சின்னக் கட்டியாக இருக்கும்போது கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தாலும், முழு மார்பையும் எடுத்தவர்கள் அளவுக்கே உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தது. இருபது வருடம் கழித்துப் பார்த்தபோதும் அதே முடிவு. அப்போ யோசியுங்கள், மார்பு போய்விடும் என்று பயந்து ஒளிப்பவர்தான் அதைக் காப்பாற்றக்கூடிய காலத்தைக் கடக்கவிடுகிறார்.

எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லை, எனக்கு வராது என்பார்கள். பரம்பரை மரபணுவால் வருவது நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான், மற்றவர்களில் பெரும்பாலானோர் குடும்பத்தில் முதல் ஆள். ஐந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தேன் என்பார்கள். பாலூட்டுவது நல்லது, பன்னிரண்டு மாதப் பாலூட்டலுக்கு ஆபத்து 4.3 சதவீதம் குறைகிறது என்று 2002இல் கணக்கிட்டார்கள், ஆனால் குறைவது வேறு, வராமல் போவது வேறு. இறுக்கமான உள்ளாடையால் வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. தொட்டால் ஒட்டுகிற நோயும் இல்லை, ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிக்கலாம். தாய்க்கோ சகோதரிக்கோ சின்ன வயதில் வந்திருந்தால் மட்டும் டொக்டரிடம் தனியாகச் சொல்லி முந்தியே பார்க்கத் தொடங்குங்கள். தகப்பன் வழியாலும் வரும், மாமிமாரையும் கணக்கில் எடுங்கள்.

கோணேசருக்கு நேர்த்தி வையுங்கள், பத்திரகாளி அம்மனுக்கு விளக்குப் போடுங்கள், துஆ கேளுங்கள், பூசை கொடுங்கள். நானும் செய்கிறவள்தான். நூல் கட்டுகிறவரிடம் போனாலும் சண்டை பிடிக்கமாட்டேன். கிளினிக்குக்கு அதே வாரத்தில் போங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். இன்றிரவே பதறி ஓடத் தேவையில்லை, கையில் தட்டுப்படுகிற கட்டி அநேகமாகப் பல வருடமாக உள்ளே வளர்ந்ததுதான். ஆனால் அடுத்த திருவிழா முடியட்டும், கலியாணம் முடியட்டும் என்று தள்ளக் கூடாது.

இப்ப பின்னால் நிற்கிற ஐயாமார். ஆண்களுக்கும் இது வரும், நூறு நோயாளிகளில் ஒருவர் அளவில், உங்கள் நெஞ்சில் கட்டி கண்டால் நீங்களும் காட்டுங்கள். ஆனால் உங்களிடம் நான் முக்கியமாகக் கேட்பது வேறு. சிகிச்சை தொடங்கினால் மட்டக்களப்புக்கோ மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ போய்வர வேண்டி வரலாம், ஒருமுறை இல்லை, பல முறை. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற இலக்கில் ஒன்று, நோயாளிகளில் நூற்றுக்கு எண்பது பேராவது சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும் என்பது. பாதியில் விடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். மருந்து தாங்காமல் விட்டவர்களை விட, கூடப் போக ஆள் இல்லாமல், பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லாமல் விட்டவர்கள்தான் கூடுதல். சிகிச்சைக்குப் போகிற காலையில் உங்கள் வீட்டுப் பெண்ணோடு பஸ்ஸில் ஏறுங்கள். நீங்கள் கடலுக்குப் போக வேண்டிய நாள் என்றால் தம்பியையோ மச்சாளையோ ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். தலைமுடி கொட்டும்போது ஒன்றும் சொல்லாதீர்கள், அது திரும்ப முளைக்கும்.

சரி, இப்ப உங்கள் எல்லோருக்கும் பிள்ளைகள் வெள்ளைக் கடதாசி தருவார்கள். கேட்க வேண்டியதை எழுதி இந்தப் பெட்டிக்குள் போடுங்கள், பெயர் போட வேண்டாம். கேள்வி இல்லாதவர்களும் வெறும் கடதாசியையாவது மடித்துப் போடுங்கள், அப்போது யார் எழுதினார் என்று ஒருவருக்கும் தெரியாது. யாருக்காவது இப்போதே காட்ட ஏதும் இருந்தால், பக்கத்து அறையில் இரண்டு மிட்வைஃப் இருக்கிறார்கள், தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி எழும்பிப் போங்கள்.