ஒன்றரை லட்சம் அட்டைகள்

வணக்கம் நேயர்களே.

செடி தேடிப் போனவர்களின் கதை என்றாலே மலையும் ஆறும் காட்டுவழியும்தான் நம் நினைவுக்கு வரும். எர்னஸ்ட் வில்சன் என்ற ஆங்கிலேயர் அப்படித்தான் பேர் வாங்கினார். மேற்குச் சீனாவின் மலைகளில் அலைந்து, 1910-இல் ஒரு நிலச்சரிவில் காலை முறித்துக்கொண்டு, விதையும் கிழங்குமாக பாஸ்டனில் உள்ள ஆர்னல்ட் தாவரத் தோட்டத்துக்கு அனுப்பிவைத்தார். அவருக்குப் பட்டப்பெயரே 'சைனீஸ் வில்சன்'!

அவருக்குக் கால் முறிந்த அதே 1910-இல், ஜியாங்சு மாகாணத்து ஷுஜோ நகருக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார் ஹு ஷியு-இங் என்ற பெண் தாவரவியலாளர். இன்றைக்கு அவர் கதைதான். ஹு என்பது குடும்பப் பெயர்; சீனர்கள் அதைத்தான் முதலில் சொல்வார்கள். நான்ஜிங்கில் ஜின்லிங் மகளிர் கல்லூரி, அப்புறம் குவாங்ஜோவில் லிங்னான் பல்கலைக்கழகம். படிப்பு முடிகிற நேரத்தில் ஜப்பானுடன் போர் மூண்டது. கிழக்கே இருந்த கல்லூரிகள் பல மூட்டைகட்டிக்கொண்டு மேற்கே செங்டு நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஹுவும் அங்கே மேற்குச் சீன யூனியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஆனார்.

1946-இல் அமெரிக்கா. ஹார்வர்டு அப்போது பெண்களைத் தன் மாணவிகளாக நேரடியாகச் சேர்த்துக்கொள்வதில்லை. அவர்களுக்கென்று பக்கத்திலேயே ராட்கிளிஃப் கல்லூரி இருந்தது. அந்த வழியாக உள்ளே போனவர், எல்மர் மெர்ரில் என்ற பெரிய தாவரவியலாளரிடம் ஆய்வு செய்து, 1949-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

எடுத்துக்கொண்ட பொருள் ஹோலி மரம். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் பார்த்திருப்பீர்கள்: முள்விளிம்பு இலை, சிவப்புப் பழம். தாவரவியலில் ஐலெக்ஸ் என்பார்கள். நம் பனையைப் போல இதிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பழம் பெண் மரத்தில்தான். உலர்த்தித் தாளில் ஒட்டிய ஒரு கிளையில் ஆண் பூ மட்டும் இருக்கும், இன்னொன்றில் பழம் மட்டும் இருக்கும். இரண்டும் ஒரே இனமா, வெவ்வேறா என்று முடிவு கட்டுவது லேசான காரியமில்லை. சீனத்து ஐலெக்ஸ் முழுவதையும் அவர் வரிசைப்படுத்தினார். சக ஆய்வாளர்கள் 'ஹோலி ஹு' என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.

அதே 1949-இல் சீனாவில் ஆட்சி மாறியது. ஹு பாஸ்டனிலேயே, ஆர்னல்ட் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சீனச் செடிகளுக்குப் பெயர் வைத்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுக்காரர்கள். லண்டன், பாரிஸ், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று மாதிரிகள் சிதறிக் கிடந்தன. பெயர்களோ வெவ்வேறு நாட்டு ஆய்விதழ்களில், வெவ்வேறு மொழிகளில். ஒரே செடிக்கு மூன்று பேர் மூன்று பெயர் வைத்திருப்பார்கள். ஒரு சீன மாணவர் தன் ஊர்ச் செடிக்கு என்ன பெயர் என்று தேடினால் தலை சுற்றிப்போகும். ஹு என்ன செய்தார்? பெயருக்கு ஒரு அட்டை போட்டார். யார் வைத்த பெயர், எந்த நூலில், எந்தப் பக்கத்தில் என்று குறித்தார். அப்படிச் சேர்ந்த அட்டைகள் 1,50,000-க்கும் மேல்! கணினி வராத காலம். மழை இல்லை, மலை இல்லை, நாற்காலியும் மேசையும்தான். சாகசக் கதையாகச் சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் வில்சன் கொண்டுபோனதைச் சீனர்கள் தேடிக் கண்டுபிடிக்க இந்த அட்டைப்பெட்டிகள்தான் வழிவிட்டன என்பேன்.

இடையில் ஒரு தாவரக் குடும்பத்தை எடுத்துத் தனி நூலும் எழுதினார், 1955-இல். மால்வேசி குடும்பம், அதாவது பருத்தி, வெண்டை, செம்பருத்தி, பூவரசு எல்லாம் உறவுக்காரர்களாக இருக்கும் குடும்பம். பவுலோனியா என்ற ஊதாப்பூ மரவகையையும் டே-லில்லிப் பூக்களையும் ஆராயாமல் விடவில்லை. காயவைத்த டே-லில்லி மொட்டு சீனச் சமையலில் வழக்கமாகச் சேரும் பொருள்.

1968-இல் ஹாங்காங் போனார், சுங் சி கல்லூரியில் கற்பிக்க. அறையில் உட்கார்ந்து சலித்துவிட்டதோ என்னவோ, அங்கே மலைச்சரிவுகளில் இறங்கி ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சேகரித்தார். ஹாங்காங் ஆர்க்கிட்களைப் பற்றி 1977-இல் ஒரு நூல் வந்தது. சீன உணவுத் தாவரங்கள் பற்றிய அவருடைய நூல் 2005-இல் வெளியானது, 800 பக்கங்களுக்கு மேல். அப்போது அவருக்கு வயது 95.

2012 மே மாதம், 102 வயதில், ஹாங்காங்கில் காலமானார். அங்குள்ள சீனப் பல்கலைக்கழகத்தின் உலர்தாவரக் காப்பகம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அட்டைகளை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். பவுலோனியாவுக்கு உறவான ஒரு தாவரப் பேரினத்துக்கு 1962-இலேயே அவர் பெயரையொட்டி 'ஷியுயிங்ஹுவா' என்று பெயர் வைத்தாயிற்று. சீனத்தில் ஹுவா என்றால் பூ.

நன்றி, வணக்கம்.