எருக்குவியலில் ஈ முட்டைகளைத் தின்னும் கார்சினாப்ஸ் வண்டு

வணக்கம் நண்பர்களே. இப்போது திரையில் எருத் துகள்களுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருக்கும் இந்தப் பளபளப்பான கரும்புள்ளியின் பெயர் கார்சினாப்ஸ் பூமிலியோ. எள்ளைவிடச் சற்றுச் சிறியதான, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளமே உள்ள இந்த வண்டை, எரிக்சன் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர் 1834ஆம் ஆண்டில் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். ஹிஸ்டெரிடே குடும்பத்தைச் சேர்ந்த இது, முட்டைக்கோழிப் பண்ணைகளில் கூண்டுகளுக்கு அடியில் சேரும் எச்சக் குவியலில் உலகெங்கும் காணப்படுகிறது.

படத்தை இன்னும் பெரிதாக்குகிறேன். மேற்சிறகுகள் உடலை முழுமையாக மூடாமல், வயிற்றின் கடைசி இரு கண்டங்களை, அதாவது வளையம் போன்ற பகுதிகளை, வெளியே விட்டிருப்பதைக் கவனியுங்கள். உணர்கொம்புகள் முழங்கைபோல் மடங்கி, நுனியில் குமிழாகத் தடித்திருக்கின்றன. குச்சியால் மெல்லத் தொட்டவுடன் தலையையும் கால்களையும் உடலின் அடியில் உள்ள பள்ளங்களுக்குள் இழுத்துக்கொண்டு, இறந்ததுபோல் அசையாமல் கிடக்கிறது. இதனால்தான் பலரும் இதனை ஏதோ விதை என்றோ மண்துகள் என்றோ நினைத்துக் கடந்துவிடுகிறார்கள்.

எரு இதன் இருப்பிடமே தவிர உணவன்று. அந்த எருவில் வீட்டு ஈ இடும் முட்டைகளும், அவற்றிலிருந்து அப்போதுதான் வெளிவந்த இளம் புழுக்களுமே இதன் முதன்மையான இரை. ஒரு பெண் ஈ ஒரு முறைக்கு நூறு முட்டைகள் அளவில் இடுகிறது. வெப்பமான சூழலில் அவை ஒரே நாளுக்குள் பொரித்துவிடுகின்றன. புழு வளர்ந்து பெருத்துவிட்டால் இவ்வளவு சிறிய வண்டால் அதனை எளிதில் வெல்ல முடியாது. எனவே ஈயை அடக்குவதற்கு இந்த வண்டுக்குக் கிடைக்கும் வாய்ப்பு சில மணி நேரங்கள் மட்டுமே. அந்த நேரத்தில் குவியலில் வண்டுகள் ஏற்கெனவே நிறைந்திருந்தால்தான் பயன் உண்டு. வண்டின் இளம்புழுக்களும் வேட்டையாடுபவையே. முதிர்ந்த வண்டுகளோ பல மாதங்கள் உயிர்வாழக்கூடியவை.

இங்கேதான் மிகுந்த வருத்தம் தரும் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஈத்தொல்லை பெருகியதும் எருக்குவியல் முழுவதும் பூச்சிக்கொல்லி தெளிக்கிறார்கள். அந்த மருந்து ஈப்புழுவோடு வண்டையும் கொன்றுவிடுகிறது. கோடை வெப்பத்தில் ஈ பத்து நாட்களுக்குள்ளேயே அடுத்த தலைமுறையைக் கண்டுவிடும். முட்டையிலிருந்து முதிர்ந்த வண்டாவதற்குக் கார்சினாப்ஸுக்கு வாரக்கணக்கில் ஆகும். ஆகவே தெளித்த இடத்தில் முதலில் மீண்டெழுவது ஈதான். பல மருந்துகளுக்கு ஈக்கள் எதிர்ப்புத்திறனையும் வளர்த்துக்கொண்டுவிட்டன. மருந்து கட்டாயம் தேவைப்பட்டால், முதிர்ந்த ஈக்கள் வந்து அமரும் இடங்களோடு அதனை நிறுத்திக்கொண்டு, குவியலைத் தொடாமல் விடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

எருவை அள்ளும் முறையும் இதே அளவுக்கு முக்கியமானது. ஒரே நாளில் தரை தெரியும்வரை வழித்து அள்ளினால், வாரக்கணக்கில் சேர்ந்த வண்டுக் கூட்டம் முழுவதும் எருவோடு வெளியேறிவிடும். பிறகு விழும் புது எச்சத்தில் ஈக்களுக்கு எதிரியே இருக்காது. அடியில் உலர்ந்த பழைய எருவில் ஓர் அடுக்கை விட்டுவைப்பதும், வரிசைகளை மாற்றி மாற்றி வெவ்வேறு நாட்களில் அள்ளுவதும் வண்டுகளைக் காப்பாற்றும். தண்ணீர்க் குழாய்கள் கசியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏனெனில் கூழாகிப்போன எருவில் ஈப்புழுக்கள் செழிக்கின்றன, இந்த வண்டோ உலர்ந்து கூம்பாக நிற்கும் குவியலையே விரும்புகிறது.

பழைய பண்ணையிலிருந்து வண்டுகளைப் பிடித்துப் புதிய பண்ணையில் விடும் வழக்கமும் உண்டு. அப்படிச் செய்பவர்கள் ஆல்ஃபிடோபியஸ் என்னும் வேறொரு வண்டு கூடவே வந்துவிடாமல் பிரித்தெடுக்க வேண்டும். அந்த வண்டு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளமுள்ளது. அதன் மேற்சிறகுகள் வயிற்றை முழுமையாக மூடியிருக்கும். அதன் புழுக்கள் கட்டடத்தின் வெப்பத்தடுப்புப் பலகைகளைத் துளைத்துச் சேதப்படுத்தும்.

உங்கள் குவியலில் கார்சினாப்ஸ் இருக்கிறதா என்று அறிய, அதன் மேற்பகுதியிலிருந்து கைப்பிடி எருவை எடுத்து வெள்ளைத்தாளில் மெல்லியதாகப் பரப்பி, சில நிமிடங்கள் அசைக்காமல் விடுங்கள். இறந்ததுபோல் கிடந்தவை கால்களை நீட்டி நடக்கத் தொடங்கும்போது எண்ணிக்கொள்ளலாம். ஒரே இடத்தில் எடுத்துப் பார்த்து முடிவுக்கு வராமல், கொட்டகையின் பல பகுதிகளிலிருந்தும் எடுத்துப் பாருங்கள்.