அழகர் தங்கை கல்யாணத்துக்குத்தான் வருகிறாரா?

திருமங்கலத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "மீனாட்சி கல்யாணத்துக்கு வந்த அழகர், நேரமாகிவிட்டதால் கோபித்துக்கொண்டு ஆற்றோடு திரும்பினார் என்று எங்கள் அப்பத்தா சொல்லும். ஆனால் இரண்டு திருவிழாவையும் சேர்த்ததே திருமலை நாயக்கர்தான் என்கிறார்களே? சாமி திருவிழாத் தேதியை மனுஷன் மாற்றலாமா? வேறு நாட்டில் இப்படி உண்டா?"

முதலில் அப்பத்தா கதை. கோயில் மரபுப்படி அழகர் மலையிலிருந்து இறங்குவது கல்யாணத்துக்கு இல்லை. துர்வாசர் சாபத்தால் தவளையாகிப்போன மண்டூக முனிவருக்கு விமோசனம் கொடுக்கத்தான். அது முன்பு சோழவந்தான் பக்கம் தேனூர் வைகையில், சித்திரையில் நடந்தது. மீனாட்சி கல்யாணம் மாசியில். 1623 முதல் 1659 வரை ஆண்ட நாயக்கர், கல்யாணத்தைச் சித்திரைக்கு நகர்த்தி, அழகரை மதுரைக்கு வரவழைத்தார் என்பதுதான் வழிவழியாகச் சொல்லப்படுவது. ஊரைச் சுற்றிப் பாருங்கள்: சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதியில். வண்டியூரில் முனிவருக்கு மோட்சம் கொடுக்கும் மண்டபத்தின் பெயர் தேனூர் மண்டபம்.

ஏன் மாற்றினார்? சைவ வைணவ ஒற்றுமைக்காக என்பார்கள். அறுவடை முடிந்து ஜனங்கள் ஓய்வாக இருக்கும் மாதம், தேர் இழுக்க ஆள் கிடைக்கும் என்றும் ஒரு காரணம் சொல்வார்கள். எனக்கு இரண்டாவதுதான் மனதுக்கு ஒட்டுகிறது. அவ்வளவு பெரிய தேரை யார் இழுப்பது, சொல்லுங்கள்! அப்பத்தாவிடம் போய் இதையெல்லாம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம். இரண்டு விழாவும் ஒட்டிய பிறகு, இரண்டையும் இணைக்க ஜனங்களுக்கு ஒரு கதை தேவைப்பட்டது. அண்ணன் தங்கை உறவைவிட நம் ஊருக்கு வேறென்ன கதை வேண்டும்?

சரி, வெளிநாடு. அமெரிக்காவில் 'தேங்ஸ்கிவிங்' என்று ஒரு நன்றித் திருநாள். 1863-இல் லிங்கன் அதை நவம்பர் கடைசி வியாழன் என்று அறிவித்தார், அதுவே வழக்கமானது. 1939-இல் கடைசி வியாழன் 30-ஆம் தேதி விழுந்தது. கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் போதாது என்று கடைக்காரர்கள் முறையிட, அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு வாரம் முன்னுக்குத் தள்ளி 23 என்றார். வந்தது வம்பு. ஏறக்குறைய பாதி மாநிலங்கள் முடியாது என்றுவிட்டன. சில மாநிலங்கள் எதற்கு வம்பு என்று இரண்டு நாளும் கொண்டாடின. கடைசியில் 1941-இல் நான்காவது வியாழன் என்று சட்டமே போட வேண்டியதாயிற்று.

கிறிஸ்துமஸும் அப்படித்தான். இயேசு பிறந்த தேதி பைபிளில் இல்லை. டிசம்பர் 25 பிற்காலத்தில் நிலைத்தது. ரஷ்யத் திருச்சபை பழைய நாள்காட்டியை விடாததால் அவர்களுக்கு இப்போது ஜனவரி 7.

நம் குடியரசு தினத்தில் இது தலைகீழ். அரசியலமைப்பை 1949 நவம்பர் 26-லேயே ஏற்றாயிற்று. 1930 ஜனவரி 26-இல் பூரண சுயராஜ்ய நாள் கொண்டாடியிருந்தார்கள் அல்லவா, அந்தத் தேதிக்காகவே இரண்டு மாதம் காத்திருந்து அமலுக்குக் கொண்டுவந்தார்கள்.