தெய்வம் கண்ணை மூடும் மாதம்

(வாசகர் வட்ட மாதக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கூட்டம் தொடங்கும் முன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு நண்பர் கேட்டார்: "ஏன் சார், கொரியாக்காரங்களுக்கு உயிர்னா அவ்வளவு அலட்சியமா? பேப்பரைத் திறந்தா நடிகை, பாடகர்னு சாவுச் செய்தியாவே வருதே." கையில் வைத்திருந்த குறிப்பை ஓரமாக வைத்துவிட்டு அந்தக் கேள்விக்கே பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

அலட்சியம் இல்லை. 'நாய்ப்பீக் காட்டில் புரண்டாலும் இந்த உலகம்தான் நல்லது' என்று கொரிய மொழியில் ஒரு பழமொழி உண்டு. இதைவிடப் பச்சையாக உயிராசையைச் சொல்லிவிட முடியாது. பசித்தால் 'பசியில் செத்துடுவேன்' என்பார்கள். சந்தோஷம் தாங்காவிட்டாலும் அதே 'செத்துடுவேன்'தான். 'பசி உயிர் போகுது' என்று வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

சியோலுக்குத் தெற்கே சுவோன் நகரத்தில் சில வருஷம் வேலை பார்த்தேன். மாடியில் நான், கீழே வீட்டுக்காரப் பாட்டி. எண்பதைத் தொட்டவர். ஒருநாள் கூப்பிட்டு, அலமாரியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்துப் பிரித்தார். பாச்சை உருண்டை வாசனை. உள்ளே சணல் நாரில் நெய்த மஞ்சள் நிற உடுப்பு, கைக்கு உறை, காலுக்கு உறை. அவர் செத்தால் அவருக்குப் போட வேண்டியது. கல்யாணப் பட்டைக் காட்டுகிற மாதிரி தடவித் தடவிக் காட்டினார். அங்கே சந்திரக் கணக்கில் சில வருஷத்துக்கு ஒருமுறை உபரியாக ஒரு மாதம் வரும். அந்த மாதத்தில் தெய்வங்கள் மனுஷரைக் கவனிக்காதாம். கல்லறை மாற்றுவதும் சாவு உடுப்பு தைப்பதும் அப்போதுதான். முன்கூட்டியே தைத்து வைத்தால் ஆயுள் கூடும் என்றும் நம்பிக்கை. சாவுக்கு வைக்க வேண்டிய படத்தையும் எடுத்துக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தார். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் இன்னொரு பெயர், 'நீண்ட ஆயுள் படம்'.

அதே பாட்டி மாதம் ஒருமுறை பஸ் ஏறி நாலு ஸ்டாப் தள்ளிப் போவார். எதற்கென்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது: தூக்க மாத்திரை வாங்க. கீழ்த்தெருவிலேயே மருந்துக்கடை இருக்கிறது. ஆனால் அந்தக் கடைக்காரர் மனைவியும் இவரும் ஒரே சர்ச். "தெரிந்தால் என் மகனைப் பற்றி என்ன நினைப்பார்கள்?" என்றார். கவனியுங்கள், தன்னைப் பற்றி அல்ல, மகனைப் பற்றி. சாவு உடுப்பைக் காட்டக் கூச்சமில்லாத மனுஷி, தூக்கம் வராததை மறைக்கிறார். வருஷக்கணக்கில் ஒருமுறையாவது தெய்வம் கண்ணை மூடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் கண்ணை மூடும் மாதம் எந்த நாள்காட்டியிலும் கிடையாது.

இந்தக் கண்ணுக்கு அங்கே இரண்டு சொற்கள். 'நுன்சி', அடுத்தவர் மனசை முகத்தைப் பார்த்தே படிக்கும் சாமர்த்தியம். 'செமியோன்', நாம் 'நாலு பேர் முன்னால தலை நிமிர்ந்து நடக்கணும்' என்கிறோமே, அந்த முகம். கோபத்தை வருஷக்கணக்கில் விழுங்கினால் நெஞ்சில் கட்டியாய் அடைத்து எரியும் என்று நோய்க்கே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'ஹ்வாபியோங்', தீ நோய். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1994இல் வெளியிட்ட கையேட்டில் அந்தக் கொரியச் சொல்லே ஏறியது. கொரியாவில் மனநல மருத்துவத் துறையின் பெயரை 2011இல் 'மனநல ஆரோக்கிய மருத்துவத் துறை' என்று மாற்றினார்கள். பலகை மாறினாலும் பயம் போகவில்லை. நோய்ப் பட்டியலில் மனநோய்களுக்கான குறியீடு 'எஃப்' எழுத்தில் தொடங்கும். அந்த எழுத்து பதிவில் ஏறினால் காப்பீடு கிடைக்காது, வேலை போய்விடும் என்று படித்தவர்களே தயங்குவார்கள்.

நவம்பர் மாதத்துப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு, ஆங்கிலம் கேட்டு எழுதும் நேரத்தில் விமானங்களை நிறுத்துவது, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். சீரியலிலேயே வந்துவிட்டது. சீரியலில் அதிகம் வராததைச் சொல்கிறேன். 2023இல் தென்கொரியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 13,978 பேர், லட்சத்துக்கு 27.3. வளர்ந்த நாடுகளில் மிக உயர்ந்த விகிதம். ஆனால் வயதுவாரியாகப் பிரித்தால் விகிதம் உச்சத்துக்குப் போவது மாணவர்களிடமோ பாடகர்களிடமோ அல்ல, எண்பதைத் தாண்டிய கிழவர் கிழவிகளிடம். சொத்து, சேமிப்பு எல்லாவற்றையும் பிள்ளைகளின் படிப்பில் கொட்டிய தலைமுறை அது. பிள்ளை பார்த்துக்கொள்வான் என்பதே அவர்களுடைய பென்ஷன். அரசு ஓய்வூதியம் தொடங்கியதே 1988இல், நகரத்துச் சிறு கடைக்காரர் வரை வந்தது 1999இல். அதற்குள் இவர்களுக்குச் சம்பாதிக்கும் வயசு போய்விட்டது. அறுபத்தைந்து தாண்டியவர்களில் பத்துக்கு ஏறக்குறைய நாலு பேர் ஏழைகள். பிள்ளைக்குப் பாரமாகக் கூடாது என்பதற்காக வாயைத் திறக்காமல் இருப்பவர்களிடம் "மனம் விட்டுப் பேசுங்கள்" என்று சுவரொட்டி ஒட்டி என்ன பிரயோஜனம்? ஒரு கொடிய களைக்கொல்லியின் விற்பனையை 2012இல் நிறுத்தினார்கள். கிராமங்களில் சாவு கணிசமாகக் குறைந்தது. சத்தமில்லாத வேலை, பலன் கண்ட வேலை.

கொரியப் பத்திரிகைகள் தற்கொலை என்று எழுதக் கூசி, பல வருஷம் 'தீவிரத் தேர்வு' என்று எழுதின. அது என்ன தேர்வு, கடையில் சட்டை தேர்ந்தெடுப்பது மாதிரியா என்று இறந்தவர்களின் குடும்பத்தார் கேட்டார்கள். 2024இல் வந்த புதிய செய்தி வழிகாட்டி அந்தச் சொல்லே வேண்டாம் என்றது. நம் பத்திரிகைகளில் இன்னும் 'விபரீத முடிவு' ஓடிக்கொண்டிருக்கிறது. (அங்கே ஆலோசனைக்கு 109 என்று ஒரே எண். நம்மிடம் 14416 இருக்கிறது. தமிழிலேயே பேசலாம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.)

சக ஊழியர் ஒருவரின் அப்பா தொண்ணூறு வயதில் போனார். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்திலேயே துக்க மண்டபம். வெள்ளை உறையில் ஒற்றைப்படையில் பணம், படத்துக்கு முன் இரண்டு முறை மண்டியிட்டுத் தலை தாழ்த்தி வணக்கம், பிறகு காரசாரமான மாட்டிறைச்சி சூப், இரவு முழுக்கச் சீட்டாட்டம். 'நல்ல சாவு' என்று ஒரு சொல் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தற்கொலை என்றால் இந்தச் சத்தம் எதுவும் இருக்காது. 'மாரடைப்பு' என்று சொல்லிவிட்டு, கூட்டம் கூடுவதற்குள் காரியத்தை முடித்துவிடும் குடும்பங்கள் உண்டு.

தெற்கே ஜிந்தோ என்றொரு தீவு. அங்கே அடக்கத்துக்கு முந்தைய இரவு, சாவு வீட்டு முற்றத்திலேயே 'தாசிரேகி' என்று ஒரு கூத்து நடத்தும் வழக்கம். 1985இல் தேசிய மரபுச் செல்வமாக அறிவித்தார்கள். போலி துக்கக்காரன் ஒருவன், ஒரு குருடன், அவன் பெண்டாட்டி, அவளுக்குக் கள்ளத்தொடர்புள்ள ஒரு சாமியார். கடைசியில், பிணம் கிடக்கும் வீட்டில் அவளுக்குப் பிரசவ வலி எடுக்கிறது. குழந்தை பிறக்கிறது. யார் அப்பன் என்று இரண்டு பேரும் அடித்துக்கொள்கிறார்கள். அழுது முகம் வீங்கின வீட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்க வைக்காமல் ஊர் விடாது.

கேள்வி கேட்ட நண்பர் கடைசி வரிசையில் இருக்கிறார். மிச்சத்தை இன்னொரு டீயோடு வாசலில் பேசிக்கொள்கிறோம். வணக்கம்.