ராஜராஜனின் பெரிய பாட்டி

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

ராஜராஜ சோழனைப் பற்றி நிறைய மேடைகளில் நிறையப் பேசிவிட்டோம். இன்று அவருடைய பெரிய பாட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். செம்பியன் மாதேவியார்.

உறவுமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன். முதலாம் பராந்தகனின் பிள்ளைகளில் ஒருவர் கண்டராதித்தர், அரிஞ்சயர் அவருக்கு இளையவர். அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழர், அவருடைய மகன் ராஜராஜன். கண்டராதித்தரின் மனைவி செம்பியன் மாதேவியார். ஆக, தாத்தாவின் அண்ணி. நம் வீடுகளில் பெரிய பாட்டி என்றுதானே கூப்பிடுவோம்?

மழவரையர் குலத்தில் பிறந்து சோழர் வீட்டுக்கு மருமகளாக வந்தவர். மாமனார் பராந்தகன் ஆட்சியிலேயே, 941ஆம் ஆண்டை ஒட்டி, திருச்சிக்குப் பக்கத்தில் உய்யக்கொண்டான் திருமலையில் அவர் கொடுத்த கொடை கல்வெட்டில் இருக்கிறது. 1001ஆம் ஆண்டுவாக்கில்கூட அவர் பெயர் கல்வெட்டுகளில் வருகிறது. பராந்தகன், கண்டராதித்தர், அரிஞ்சயர், சுந்தர சோழர், உத்தம சோழர், ராஜராஜன் என்று ஆறு பேரின் ஆட்சியைப் பார்த்தவர். அரண்மனையில் யார் அமர்ந்திருந்தாலும் கோயில் வேலை நிற்கவில்லை.

கண்டராதித்தர் காலமானபோது மகன் உத்தமன் சிறு பிள்ளை. அரியணை தம்பி அரிஞ்சயருக்குப் போனது, அப்புறம் தம்பி மகனுக்குப் போனது. சுந்தர சோழர் இறந்தபோது அவருடைய தேவி வானவன் மாதேவி கணவரோடு உயிர் நீத்ததைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு சொல்கிறது. தாயையும் தகப்பனையும் இழந்த குந்தவைக்கும் ராஜராஜனுக்கும் குடும்பத்தில் மூத்தவராக இருந்தவர் இந்தப் பாட்டிதான். கணவனை இழந்த பிறகும் வாழ்ந்தார் என்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன். அவர் வாழ்ந்ததால் எத்தனை பேர் வாழ்ந்தார்கள்!

செங்கல் தளிகளாக இருந்த பழைய சிவாலயங்களை அவர் கற்றளிகளாக, அதாவது கற்கோயில்களாக, எடுத்துக் கட்டினார். திருநல்லம், திருக்கோடிக்காவல், ஆடுதுறை, விருத்தாசலம், திருவாரூர் அறநெறி என்று பட்டியல் நீளும். கட்டியதோடு விடவில்லை. விளக்கு எரிய, பூசை நடக்க, நந்தவனம் பூக்க என்று ஒவ்வொன்றுக்கும் நிலமும் பொன்னும் வைத்தார். கண்டராதித்தர் தில்லைக் கூத்தனைப் பாடியவர். அவருடைய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. அம்மையார் எடுத்த கோயில்களைச் சுற்றி வாருங்கள், தெற்குச் சுவரின் மாடக்குழியில் அதே ஆடவல்லான் கல்லில் நிற்பார். கணவர் பாட்டில் வைத்ததை மனைவி சுவரில் வைத்தார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது திருக்கோடிக்காவலில் அவர் செய்த காரியம். பழைய கோயிலைப் பிரித்தபோது, பல்லவர் காலம் தொட்டு யார் யாரோ கொடுத்த கொடைகளைச் சொல்லும் கற்கள் அங்கே கிடந்தன. புதுக் கோயில் கட்டுகிறவர் அவற்றை அடித்தளத்தில் போட்டுவிட்டுத் தன் பெயரை மட்டும் வெட்டிவிட்டுப் போயிருக்கலாம், ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அம்மையார் அந்தப் பழைய எழுத்துகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டச் செய்தார். 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்று குறிப்பும் போட்டு வைத்தார்கள். அவருக்கு முன்னால் ஒரு விளக்கின் நெய்க்கு ஆடு கொடுத்தவனின் தர்மமும் அழியக் கூடாது என்ற அக்கறை அது. ஆயிரம் ஆண்டுக்கு முன் இப்படி ஓர் ஆவணக் காப்பு! கல்வெட்டு படிக்கிறவர்கள் இன்றும் அவரை நன்றியோடு நினைக்கிறார்கள்.

குடும்பம் அவரை எப்படி வைத்திருந்தது? நாகப்பட்டினம் பக்கம் அவர் பெயராலேயே செம்பியன் மாதேவி என்று ஓர் ஊர் உண்டு. அங்குள்ள கயிலாசநாதர் கோயிலில், அவர் பிறந்த கேட்டை நட்சத்திர நாளில் சிறப்பு வழிபாடு நடக்கக் கொடை வைத்தவர்கள் யார் தெரியுமா? உத்தம சோழனின் தேவியர். மாமியாரின் பிறந்தநாளுக்கு மருமகள்கள் சேர்ந்து அறக்கட்டளை வைத்திருக்கிறார்கள், அதுவும் கல்லில் எழுதி! ஒரு பெண்ணுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வீட்டுக்குள்ளிருந்து கிடைக்குமா? பின்னால் ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் காலத்தில் அதே கோயிலில் அம்மையாருக்குத் திருமேனி எடுத்து, வழிபாட்டுக்கும் ஏற்பாடு செய்தார்கள். கொள்ளுப் பேரன் தலைமுறையிலும் அந்த அன்பு குறையவில்லை.

திருநல்லம் என்று சொன்னேனே, அது இன்றைய கோனேரிராஜபுரம். அங்குள்ள பெரிய நடராசர் செப்புத் திருமேனியைப் பார்க்க நிறையப் பேர் போகிறீர்கள். அடுத்த முறை போகும்போது தெற்குச் சுவர்ப் பக்கம் கொஞ்சம் நில்லுங்கள். கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் சிற்பமும், அவர் பெயரால் இந்தக் கற்றளியை அவருடைய தேவியார் எடுப்பித்தார் என்ற கல்வெட்டும் இருக்கும். கோயிலைக் கட்டிய ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தனையும் அம்மையார் மறக்கவில்லை. அவருக்கு ராஜகேசரி மூவேந்த வேளான் என்று பட்டம் கொடுத்து, அவர் பெயரையும் அங்கே பொறித்து வைத்தார். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பெயரை அவர்களையே எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள்.

வணக்கம்.